கேபினெட்டிலேயே மானிட்டர்: மலையில் எது கட்டுபடியாகும்?

போன ஐப்பசி மழையில், ஒரே வாரத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கம்ப்யூட்டர் பெட்டியிலேயே, அதாவது கேபினெட்டிலேயே, மானிட்டரையும் பொருத்திவிட முடியுமா?

முதல் ஆள் குன்னூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி. ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் கல்யாணம் என்றால் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அங்கேயே எடுத்து, அங்கேயே தேர்ந்தெடுத்து, பந்தி முடிவதற்குள் பிரின்ட் போட்டுக் கையில் கொடுப்பார். கேபினெட் ஒரு கையில், போர்வை சுற்றிய மானிட்டர் இன்னொரு கையில், வயரெல்லாம் கழுத்தில். "அண்ணா, ரெண்டையும் ஒண்ணாக்கி மேல ஒரு கைப்பிடி போட்டுக் குடுத்துடுங்க" என்றார். இரண்டாவது, கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா, போனில். வரவேற்பு மேஜை சின்னது, வந்தவர்கள் காலில் வயர் மாட்டுகிறது. மூன்றாவது, எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருந்துகொண்டு டிப்ளமோ படிக்கும் பையன். அவனுக்கு மேஜையே கிடையாது, ஜன்னல் திண்டுதான்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு, கடை கோத்தகிரியில். பத்து வருஷத்தில் இந்த மாதிரி ஏழெட்டுப் பெட்டி செய்திருக்கிறேன். அதில் மூன்றுதான் இன்னும் ஓடுகின்றன. மீதியெல்லாம் என்ன ஆயின என்று யோசித்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. ஓடும் மூன்றிலும் திரையைப் பத்து நிமிஷத்தில் கழற்றி வெளியே எடுக்கலாம். ஓடாத ஒவ்வொன்றிலும், திரையை எடுக்கப் பெட்டியையே பிரிக்க வேண்டியிருந்தது. அழகாக இருந்தவை எல்லாம் இந்த இரண்டாம் ரகத்தில்தான் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற கம்ப்யூட்டரில் 5 அங்குலத் திரை உள்ளேயே இருந்தது. எடை 11 கிலோவுக்கு மேல். அதைக் கையில் தூக்கிப் போகலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்தக் கனமான குழாய்த் திரை போய்த் தட்டையான பேனல் வந்ததும் வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசை பலருக்கும் வந்துவிட்டது.

## எதை வைத்து முடிவு செய்வது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் உரைகல்லைச் சொல்லிவிடுகிறேன். சமவெளியில் இருக்கும் ஒருவர் இதே பட்டியலை வேறு வரிசையில் போடுவார்.

எனக்கு முதலில் வருவது பழுது. திரை போய்விட்டால் அதே மாதிரி இன்னொன்று எங்கே கிடைக்கும்? கோத்தகிரியில் கிடைக்காது. மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை காந்திபுரம் போய்த் தேட வேண்டும். அங்கேயும் இல்லை என்றால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியர். கொடைக்கானல்காரர்களுக்கு வத்தலக்குண்டு இறங்கித் திண்டுக்கல், இல்லாவிட்டால் மதுரை. மழையில் ரோட்டில் மரம் விழுந்தால் கூரியரும் அடிவாரத்தில் நின்றுவிடும்.

அடுத்தது ஈரம். இங்கே மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே நடமாடும். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிப்பது ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஸ்டுடியோ வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரிந்த தலைவலி. குளிரில் இருந்த பொருளைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் தண்ணீர் பூக்கும். திரைக்குள் பூத்தால் துடைக்க முடியாது.

அப்புறம் ரோடு. பெட்டி ஓரிடத்திலேயே உட்கார்ந்திருக்கும் என்றால் இதை விட்டுவிடுங்கள். தூக்கிப்போகிற ஆளாக இருந்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற 14 கொண்டை ஊசி வளைவு, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏற 36. ஒவ்வொன்றிலும் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் ஒரு பக்கம் சாயும்.

கரண்ட் நாலாவது. போவதும் வருவதும் பழகிவிட்டது. ஆனால் வந்தபிறகு திரை தானாக எரிகிறதா, பின்னால் கைவிட்டு ஒரு பட்டனைத் தடவ வேண்டுமா என்பது தினமும் எரிச்சல் தரக்கூடிய விஷயம்.

பிறகு வேலை. பில் போடுவதற்கும் கல்யாணப் படத்தில் பட்டுப்புடவையின் நிறம் பார்ப்பதற்கும் ஒரே திரை போதாது. பணத்தைக் கடைசியில் வைத்தேன். எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் முதல் செலவு ஒருபோதும் முழுச் செலவாக இருந்ததில்லை.

## வழி ஒன்று: லேப்டாப் பேனலும் கன்ட்ரோலர் போர்டும்

செத்துப்போன லேப்டாப் ஒன்று எல்லார் வீட்டுப் பரணிலும் இருக்கிறது. மதர்போர்டு போயிருக்கும், திரை நன்றாக இருக்கும். அதைக் கழற்றி, எச்டிஎம்ஐ கேபிளில் வரும் படத்தை வாங்கிக்கொள்ளும் ஒரு கன்ட்ரோலர் போர்டோடு சேர்த்தால் மானிட்டர் தயார். 15.6 அங்குலப் பேனலில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 344 × 194 மில்லிமீட்டர். தடிமன் 3 முதல் 6 மில்லிமீட்டருக்குள். கேபினெட்டின் பக்கக் கதவிலேயே ஒட்டிவைத்த மாதிரி உட்கார்ந்துவிடும். பார்க்க இதைவிட அழகான வழி கிடையாது. எனக்குப் பிடித்ததும் இதுதான். அதனால்தான் இதைப் பற்றி எச்சரிக்கும் உரிமையும் எனக்கு அதிகம்.

பேனலின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலிருக்கும் நீளமான மாடல் எண்தான் எல்லாவற்றுக்கும் மூலம். பழைய பேனல்கள் எல்விடிஎஸ் என்ற முறையில் படத்தை வாங்கும். அடுத்து வந்தவை இடிபி என்ற முறையில். உதாரணமாக, ஒரு காலத்தில் எங்கே பார்த்தாலும் இருந்த எல்ஜியின் எல்பி156டபிள்யூஎச்4 வரிசையில் டிஎல்என்1 என்பது 40 பின் (இணைப்பு முனை) எல்விடிஎஸ், 1366 × 768 புள்ளிகள். பிஓஇ கம்பெனியின் என்வி156எஃப்எச்எம்-என்49 என்பது 30 பின் இடிபி, 1920 × 1080. இரண்டு ரகத்துக்கும் கனெக்டர் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். மாற்றிச் செருகினால் பேனல், போர்டு இரண்டில் ஒன்றாவது போகும்.

அதனால் மாடல் எண்ணைச் சொல்லித்தான் போர்டு வாங்க வேண்டும். அந்தப் பேனலுக்கான புரோகிராமை போர்டில் ஏற்றி அனுப்புவார்கள். ஒருமுறை எண்ணைச் சரியாகக் கொடுத்தும் எனக்கு வேறு பேனலுக்கான புரோகிராமோடு வந்தது. திரையில் என் முகம் நெகட்டிவ் பிலிமில் பார்த்த மாதிரி, கன்னம் பச்சையும் தலைமுடி ஊதாவும். திருப்பி அனுப்பி, மறுபடி வர இரண்டு வாரம்.

இன்னொரு முறை தப்பு என்னுடையது. போர்டின் ஓரத்தில் பேனலுக்குப் போகும் வோல்டேஜைத் தேர்ந்தெடுக்க, கழற்றி மாட்டக்கூடிய ஒரு குட்டிச் செருகி, ஜம்பர், இருக்கும்: 3.3, 5, 12 என்று. லேப்டாப் பேனலுக்கு 3.3 வோல்ட் தர வேண்டும். வந்த போர்டில் ஜம்பர் 5-இல் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் ஸ்விட்சைப் போட்டேன். ஒரு விநாடி வெள்ளையாக மின்னியது, அப்புறம் கருப்பு. அந்தப் பேனல் இன்றும் கடையில் சுவரில் மாட்டியிருக்கிறது. ஜம்பரைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக.

ரொம்பப் பழைய லேப்டாப்பில் எல்இடிக்குப் பதிலாக மெல்லிய குழல் விளக்கு இருக்கும். அதற்கு இன்வெர்ட்டர் என்று தனி போர்டு வேண்டும். அது நூற்றுக்கணக்கான வோல்ட் தரும். குழலுக்குள் பாதரசமும் உண்டு. அப்படிப்பட்ட பேனல் கையில் இருந்தால் ஆசைப்படாமல் மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.

பொருத்துவதில் ஒரு நுணுக்கம். பேனலின் மேலும் கீழும் திருகு போடுவதற்குக் காது மாதிரி தகடு நீட்டிக்கொண்டிருந்தால் பாக்கியசாலி. புதுப் பேனல்கள் பலவற்றில் காதே இல்லை. இழுத்தால் உரிந்து வரும் டேப்பில்தான் லேப்டாப்பிலேயே ஒட்டியிருப்பார்கள். எங்கள் ஈரத்தில் டேப்பை நம்ப மாட்டேன். காதில்லாத பேனலுக்கு அலுமினியச் சட்டத்தில் பள்ளம் எடுத்து, சுற்றிலும் மெல்லிய ஸ்பாஞ்சு வைத்து, ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் விட்டு உட்கார வைக்க வேண்டும். இறுக்கினால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அது பேனல் வலிக்கிறது என்று சொல்கிற விதம்.

ஈரத்தில்தான் இந்த வழி தோற்கிறது. லேப்டாப் மூடிக்குள் இருந்தவரை பேனலுக்கு நாலு பக்கமும் காப்பு இருந்தது. வெளியே எடுத்ததும் ஓரமெல்லாம் திறந்து கிடக்கிறது. பொடிப்பூச்சி உள்ளே போய், வெளிச்சம் பரப்பும் தாள்களுக்கு நடுவில் செத்து, கருப்புப் புள்ளியாகத் தங்கிவிடும். அதைத் தடுக்கலாம் என்று முன்னால் அக்ரிலிக் வைத்து, சுற்றிலும் சிலிக்கான் பூசி மூடினேன். தை மாத விடியற்காலை, ஊட்டியிலிருந்து திறந்த ஜீப்பில் பெட்டியைக் கொண்டுபோய், கல்யாண மண்டபத்தில் சமையற்கட்டுக்குப் பக்கத்து அறையில் வைத்து உடனே போட்டுவிட்டார்கள். அக்ரிலிக்குக்கும் பேனலுக்கும் நடுவில் பஸ் கண்ணாடி மாதிரி வெண்மை படர்ந்தது. காய்ந்தபிறகு கீழ் ஓரத்தில் தண்ணீர் நின்ற கோடு மட்டும் போகவே இல்லை. இப்போது அக்ரிலிக் வைத்தால் கீழே மூச்சுவிட நாலு ஓட்டை விடுகிறேன். குளிரில் வந்த பெட்டியை ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று ஸ்டிக்கரும் ஒட்டுகிறேன்.

கரண்டில் இதற்கு முழு மார்க். பேனலும் போர்டும் சேர்ந்து 10 வாட்டை ஒட்டித்தான் சாப்பிடும். கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் வரும் மஞ்சள் வயர் 12 வோல்ட், கருப்பு எர்த். அதிலிருந்தே போர்டுக்குக் கொடுத்துவிடலாம். ஒரே பிளக், ஒரே ஸ்விட்ச். கம்ப்யூட்டர் அணைந்தால் திரையும் அணையும்.

போர்டு 2,000 ரூபாயை ஒட்டி வரும். பேனல் சும்மா கிடைத்தது என்று மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பீர்கள். சட்டம், அக்ரிலிக், பட்டன் போர்டுக்கு ஒரு ஓட்டை, கிராஃபிக்ஸ் கார்டின் முதுகிலிருந்து வெளியே போய் மறுபடி உள்ளே வரும் ஒரு எச்டிஎம்ஐ கேபிள், தவறாக வெட்டிய முதல் பலகை எல்லாம் சேர்ந்தால் கணக்கு வேறு.

யாருக்கு ஏற்றது: பேனல் ஏற்கெனவே கையில் இருக்கிறது, பெட்டி ஓரிடத்தில் இருக்கும், செய்து பார்ப்பதே பாதிச் சந்தோஷம் என்று நினைப்பவருக்கு.

## வழி இரண்டு: டெஸ்க்டாப் மானிட்டரைப் பிரித்துப் பொருத்துவது

பழைய 19 அங்குல மானிட்டரோ 21.5 அங்குல மானிட்டரோ எடுத்து, பிளாஸ்டிக் ஓட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் தகட்டுச் சட்டத்தோடு பெட்டியில் வைப்பது. பேனல், போர்டு, பட்டன் எல்லாம் ஒன்றுக்கொன்று ஏற்கெனவே பழகியவை. புரோகிராம் தகராறு கிடையாது. பெரிய படம். பழுதானால் அதே அளவில் இன்னொரு பழைய மானிட்டர் கிடைத்துவிடும், ஆனால் திருகு ஓட்டைகள் ஒத்துவராது.

இதில் நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். மானிட்டருக்குள்ளேயே பவர் போர்டு இருந்தால், வீட்டுக் கரண்டு நேராக அதில்தான் இறங்கும். 230 வோல்ட் உள்ளே போய் 320-ஐத் தாண்டிய டிசியாக கரண்டைத் தேக்கிவைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கியபிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். பிளாஸ்டிக் ஓடு இருந்தவரை அது உங்கள் கவலையாக இல்லை. ஓட்டைக் கழற்றி, ஈரக்காற்று புகும் ஒரு தகரப் பெட்டிக்குள் அதை வைத்தபிறகு கவலை உங்களுடையது. வெளியே அடாப்டர் உள்ள மானிட்டராகப் பாருங்கள். அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்; 19 வோல்ட் என்றால் அடாப்டரையும் பெட்டிக்குள் குடிவைக்க வேண்டும்.

உண்மையில் ஓட்டைக் கழற்றவே தேவையில்லை என்பது என் கட்சி. மானிட்டரின் முதுகில் 75 மில்லிமீட்டரோ 100 மில்லிமீட்டரோ இடைவெளியில் நாலு திருகு ஓட்டை இருக்கும். அதுதான் வேசா எனப்படும் பொது அளவு. பெட்டியின் முகப்பில் ஒரு இரும்புத் தகடு வைத்து, நாலு எம்4 போல்ட்டில் முழு மானிட்டரையும் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. போனால் அதே நாலு போல்ட்டைக் கழற்றி வேறு மானிட்டர். பார்க்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு எடை. 21.5 அங்குலத் திரையின் காட்சிப் பகுதியே 476 × 268 மில்லிமீட்டர். பெட்டி அரை மீட்டர் அகலத்துக்குப் போய்விடும். ஆஸ்போர்ன் காலத்து எடைக்கே திரும்பிவிடுவோம்.

யாருக்கு ஏற்றது: பெரிய படம் வேண்டும், பெட்டி நகராது, தோற்றத்தைப் பற்றிக் கவலையில்லை என்பவருக்கு. பட்டறை, குடோன், இலை எடை போடும் இடம்.

## வழி மூன்று: போர்ட்டபிள் மானிட்டரை முழுசாக மாட்டுவது

லேப்டாப்போடு கூட வைத்துக்கொள்வதற்கென்று 15.6 அங்குலத்தில், ஒரு கிலோவுக்குள் வரும் மெல்லிய மானிட்டர்கள். ஓடு, கண்ணாடி எல்லாம் கம்பெனி வேலை. அதை உடைக்காமல், பிரிக்காமல், பெட்டியின் முகப்பில் படச்சட்டம் மாதிரி ஒரு தாங்கி செய்து மேலிருந்து இறக்கிவிட்டால் போதும். மேலே ஒரு கொக்கி. வெளியே எடுக்கப் பத்து நிமிஷம்கூட வேண்டாம். மூச்சைப் பிடித்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் கையில் வந்துவிடும். ஈரத்துக்கும் பூச்சிக்கும் மூடிய ஓடு எவ்வளவோ மேல். வாரண்டியும் போகாது.

நிறம் வேண்டும் என்றால் வாங்கும்போதே பார்க்க வேண்டும். மலிவான ரகத்தில், திரை காட்டக்கூடிய நிறங்களின் வீச்சை 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருப்பார்கள். அதில் அரக்குச் சிவப்பும் குங்குமச் சிவப்பும் ஒன்றுபோல் தெரியும். எஸ்ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற அளவில் 100 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்க வேண்டும், விலை ஏறும். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனலா என்பதையும் கேளுங்கள். டிஎன் பேனல் என்றால் பெட்டி மேஜைமேல் உயரமாக இருந்து நீங்கள் கீழே உட்கார்ந்து பார்க்கும்போது படமே இருண்டு தலைகீழ் நிறமாகிவிடும். இந்த டிஎன் விஷயம் முதல் வழிக்கும் பொருந்தும்.

தொந்தரவுகள் சின்னச் சின்னவை, ஆனால் தினசரி. ஒரே டைப்-சி கேபிளில் படமும் கரண்டும் போய்விடும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். பல லேப்டாப்புகளில் போகும். டெஸ்க்டாப் மதர்போர்டில் இருக்கும் டைப்-சி ஓட்டைகள் பெரும்பாலும் படம் அனுப்பாது. ஆகவே எச்டிஎம்ஐ ஒன்று, கரண்டுக்கு இன்னொன்று. மானிட்டர் பக்கம் மினி எச்டிஎம்ஐயாக இருக்கும். அந்தக் குட்டி முனை வளைவுகளில் ஆடி ஆடி லூசாகும். கேபிளை முனைக்குப் பக்கத்திலேயே ஒரு கிளிப்பில் கட்டிவிட்டால் அந்தப் பிரச்சினை தீரும்.

கரண்டை மதர்போர்டு யூஎஸ்பியிலிருந்து கொடுத்தால் வேறு ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டரை அணைத்தபிறகும் சில யூஎஸ்பி ஓட்டைகளில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க 'சிக்னல் இல்லை' என்று திரை கண் சிமிட்டும். கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் இஆர்பி என்ற அமைப்பை ஆன் செய்தால் அது நிற்கும். சில மாடல்கள் கரண்ட் போய் வந்தால் பிரைட்னஸை மறந்துவிடும், சில மாடல்கள் பட்டன் அழுத்தினால்தான் விழிக்கும். வாங்கும் இடத்திலேயே வயரைப் பிடுங்கிச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

விலை 8,000 ரூபாயை ஒட்டி ஆரம்பிக்கும். முதல் வழியோடு பக்கத்தில் வைத்தால் அதிகம்தான். ஆனால் நான் முதல் வழியில் தொலைத்த பேனல்களையும் போர்டுகளையும் கூட்டிப் பார்த்தால் இது மலிவு.

யாருக்கு ஏற்றது: தூக்கிப் போகிறவருக்கு, சந்தேகமே இல்லாமல்.

## வழி நான்கு: 7 அங்குலச் சின்னத் திரை

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டருக்கு மாட்டுகிறார்களே, அந்த ரகம். எச்டிஎம்ஐ உண்டு, யூஎஸ்பியில் ஓடும், கேபினெட்டின் நெற்றியில் பொட்டு மாதிரி உட்காரும். கம்ப்யூட்டரின் வெப்ப அளவு, ஓடும் பாட்டு, கேமராப் படம் காட்ட நல்லது. இதில் உட்கார்ந்து வேலை செய்வது என்றால் கண்ணுக்குக் கேடு. முதன்மைத் திரையாகக் கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

## வழி ஐந்து: தலைகீழாக மாட்டுவது

மானிட்டரைக் கம்ப்யூட்டருக்குள் வைப்பதற்குப் பதிலாக, கம்ப்யூட்டரை மானிட்டரின் முதுகில் மாட்டுவது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய மினி பிசிக்கள் பலவற்றோடு வேசா தகடும் கொடுக்கிறார்கள். நாலு திருகு, அரை மணி நேரம். ஆசாரி வேண்டாம், வெல்டிங் வேண்டாம். இரண்டில் எது போனாலும் அதை மட்டும் மாற்றலாம்.

குறை என்னவென்றால் இதில் நீங்கள் செய்தது என்று ஒன்றும் இருக்காது. பெரிய கிராஃபிக்ஸ் கார்டும் போட முடியாது. ஸ்டாண்டில் நிற்கும் மானிட்டருக்கு முதுகுப்பாரம் ஏறுவதால் லேசாகத் தட்டினாலும் ஆடும். சுவரில் மாட்டினால் அதுவும் இல்லை. மலையில் சுவர் ஈரமாக இருக்கும் பக்கத்தை மட்டும் தவிருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பழுதானால் | ஈரம் | ரோடு | கரண்ட் | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|---|---|
| லேப்டாப் பேனல் | அதே மாடலைத் தேட வேண்டும் | மோசம் | சட்டம் நன்றாக இருந்தால் தாங்கும் | மிக நன்று | போர்டு மாற்றம், வீணான பலகை |
| டெஸ்க்டாப் மானிட்டர் | வேசாவில் மாட்டினால் எளிது | ஓடு இருந்தால் பரவாயில்லை | எடை அதிகம் | அடாப்டரைப் பொறுத்தது | பெட்டியின் அளவு |
| போர்ட்டபிள் | உருவி மாற்றலாம் | நன்று | நன்று, கேபிளைக் கட்டினால் | சில்லறைத் தொந்தரவு | நல்ல நிறத்துக்குக் கூடுதல் விலை |
| 7 அங்குலம் | எளிது | பரவாயில்லை | நன்று | நன்று | இன்னொரு மானிட்டர் |
| மினி பிசி | மிக எளிது | நன்று | பிரித்துத்தான் எடுத்துப்போக வேண்டும் | நன்று | பின்னால் திறனை ஏற்ற முடியாது |

## பெட்டி எதில் செய்வது

திரையைப் பற்றி யோசித்துவிட்டுப் பெட்டியைக் கடைசி நிமிஷத்துக்கு விடுகிறார்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை இங்கே வேண்டவே வேண்டாம். ஒரே மழைக்காலத்தில் ஓரம் பிஸ்கட் மாதிரி உப்பும், அதோடு பேனலுக்கு வெட்டிய ஓட்டையும் கோணும். பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ரகம், வெட்டிய ஓரமெல்லாம் வார்னிஷ். டீத் தோட்ட நிழல்மரமான சில்வர் ஓக்கில் முகப்புப் பலகை செய்தால் கோடு கோடாக அழகாக இருக்கும். நன்றாகக் காய்ந்த பலகையா என்று பார்த்து வாங்க வேண்டும். தூக்கிப்போகும் பெட்டிக்கு, கடைப் பெயர்ப் பலகை செய்பவர்களிடம் கிடைக்கும், இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த ஏசிபி ஷீட்டும் அலுமினிய ஆங்கிளும் போதும். எடை குறையும், ஈரம் ஏறாது.

திரைக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் ஒரு தகடும் இரண்டு விரல் இடைவெளியும் விடுங்கள். ஊட்டி இருப்பது 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப்போகும் சூடு குறையும். காற்றே குளிர்ந்திருப்பதால் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். ஆனால் பேனலை ஃபேனின் சூடான காற்றுக்கு நேராக வைத்தால் மலையும் காப்பாற்றாது. எதிர்ப்பக்கச் சங்கதியும் உண்டு: லேப்டாப் பேனல்கள் பெரும்பாலும் 0 டிகிரியிலிருந்து 50 டிகிரி வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. தை மாதம் உறைபனி விழும் காலையில் திரை இழுத்து இழுத்துத் தெரிந்தால் பழுது என்று பயப்பட வேண்டாம். பத்து நிமிஷத்தில் சூடேறிச் சரியாகும்.

## மூன்று பேருக்கும் சொன்னது

ஸ்டுடியோ தம்பிக்கு மூன்றாவது வழி. 170 மில்லிமீட்டர் சதுர மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டு, ஏசிபி பெட்டி, நல்ல நிறம் காட்டும் ஐபிஎஸ் போர்ட்டபிள் மானிட்டர், மேலே கைப்பிடி. முதலில் அவர் முகம் சுருங்கியது. பேனல் பெட்டியோடு ஒட்டித் தெரிய வேண்டும் என்பது அவர் கனவு. கல்யாண வீட்டில் திரை போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இரண்டாவது மானிட்டர் ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். அப்படி வைத்துக்கொண்டு சட்டென்று உருவி மாற்ற முடிவது இந்த வழியில்தான்.

கொடைக்கானல் அக்காவுக்கு ஐந்தாவது. அவருக்குப் பெட்டி தேவையே இல்லை. வயர் மறைய வேண்டும், அவ்வளவுதான். மினி பிசியை மானிட்டர் முதுகில் மாட்டி, சின்ன யூபிஎஸ் ஒன்றை மேஜைக்கு அடியில் வைத்தால் தீர்ந்தது.

பையனுக்கு முதல் வழியைச் சொன்னேன். மேலே அவ்வளவு குறை சொல்லிவிட்டு இதையா என்று கேட்பீர்கள். அவனிடம் மாமா கொடுத்த செத்த லேப்டாப் இருக்கிறது. 15.6 அங்குலம், காதுள்ள பேனல், எல்விடிஎஸ். பெட்டி ஜன்னல் திண்டைவிட்டு நகரப் போவதில்லை. ஜன்னல் பக்கம் மட்டும் முதுகு காட்டி வைக்கச் சொன்னேன். ஜம்பரை மூன்று முறை பார்க்கச் சொன்னேன். முகப்பு ஓட்டையைப் பேனலின் வெளி அளவுக்கு வெட்டாமல், தெரியும் பகுதிக்குச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் கூட்டி 346 × 196 என்று வெட்டச் சொன்னேன். அதையும் முதலில் அட்டையில்.

நேற்று வந்திருந்தான். இதுவரை இரண்டு அட்டை போயிருக்கிறது. பலகை இன்னும் முழுசாக இருக்கிறது.